காராப்புரித் தீவும் அதன் மக்களும்
(கோவண்டியில் தமிழ் மாணவர்களிடையே நிகழ்த்திய உரை)



டிராம்பேக் கரையில் நின்று துறைமுகத்தை நோக்குவோருக்குத் தெரியும் பசுங்குன்றுத் தீவுதான் எலிபெண்டா. உள்ளூரார் அதனைக் காராப்புரி என்பர். போர்த்துக்கீசியர் அங்குக் கண்ட கல்யானையைக் கொண்டு யானைத்தீவு எனப் பெயரிட்டனர். அந்த யானை இன்று பைகுல்லாவில் நிற்கிறது. பெயர் மட்டும் தீவிலேயே தங்கிவிட்டது!

ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ள இத்தீவில் இரு குன்றுகளும் அவற்றினிடையே ஒரு குறுகிய பள்ளத்தாக்கும் உள்ளன. சுற்றிலும் சதுப்பு நிலமும் அலையாத்திக் காடும். கரையோரம் ஆழமற்றது, ஆகவேதான் படகுத்துறை கடலுக்குள் நெடுந்தூரம் நீண்டிருக்கிறது. இந்தியாவின் நுழைவாயிலிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்.

மும்பையின் அருகிலிருந்தும் இத்தீவு ராய்கட் மாவட்டம், உரண் வட்டத்தைச் சேர்ந்தது. சேத்பந்தர், மோராபந்தர், ராஜ்பந்தர் என மூன்றே ஊர்கள். மீன்பிடிப்பும் நெல் விளைச்சலும் படகு பழுதுபார்ப்பும் மக்களின் பழைய தொழில்கள். 1987ஆம் ஆண்டில் குடைவரைகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. இன்று பல குடும்பங்களுக்குக் குகைக்குச் செல்லும் படிகளின் இருமருங்கிலுமுள்ள கடைகளே வாழ்வாதாரம். திங்கட்கிழமை குகைகள் மூடப்பட்டால் வருமானமும் நின்றுவிடும்.

பயணிகள் மாலையில் திரும்பிவிடுவர்; இரவு தங்க அவர்களுக்கு அனுமதியில்லை. அதன்பின் தீவு எவ்வாறிருந்தது என்பதை அவர்கள் அறிந்ததில்லை. எதிர்க்கரையில் மும்பையின் விளக்குகள் ஒளிர, இங்கு டீசல் மின்னாக்கி மாலையில் சில மணி நேரமே ஓடியது. கடலடிக் கம்பிவடம் வழியாக மின்சாரம் வந்தது 2018 பிப்ரவரியில்தான். விடுதலை பெற்று எழுபது ஆண்டுகள் கழித்து! உலகமே வந்து பார்க்கும் ஓரிடத்திற்கு இந்தத் தாமதம் நேர்ந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. சிற்பங்களைப் பேணுவதில் காட்டிய அக்கறையில் ஒரு பகுதியேனும் குடிகளுக்குக் கிட்டியிருக்கலாம் என்பது என் கருத்து.

நீரும் அவ்வாறே. பருவமழை இங்கு ஏராளம்; ஆனால் சரிவுகளில் விழும் நீர் விரைந்து கடலை அடைந்துவிடுகிறது. தேக்கினால்தான் கோடையில் குடிநீர். குடைவரை செதுக்கியோர் பாறையிலேயே நீர்த்தொட்டிகளும் வெட்டிவைத்தது இதனை உணர்ந்தே போலும்.

கடலோ ஒரே சாலை. 2024 டிசம்பர் 18 அன்று தீவுக்குச் சென்ற பயணிப் படகின்மீது கடற்படையின் விரைவுப்படகு மோதிப் பலர் மாண்டனர். உயிர்காப்பு அங்கிகளைப் பற்றி அப்போது எங்கும் பேச்சு எழுந்தது. பயணிக்கு அது ஒருநாள் உலா. பொருள் வாங்கவும் மருத்துவம் பெறவும் தீவினர் ஆண்டு முழுவதும், மழைக்காலக் கொந்தளிப்பிலும், இந்நீரையே கடக்கின்றனர்.