கத்தி படாமல் நெஞ்சினுள் காண்பது

(கோலா தெர்லாவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றப்பட்ட உரை. பால்மரத் தோட்டங்களில் உள்ள நம் வாசகர்களுக்கும் பொருந்துமாகையால் இங்கு வெளியிடப்படுகிறது.)



இன்று மரணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது மங்கலமான பொருளன்று என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் காலையில் கொழுந்தெடுக்கச் சென்றவர் நண்பகலில் தேயிலைச் சரிவிலேயே சாய்ந்துவிட்டார் என்பதும், விடியுமுன் பால் வெட்டச் சென்றவர் மரத்தடியில் கிடந்தார் என்பதும் எந்தத் தோட்டமும் கேட்டறியாத செய்திகள் அல்ல. அந்த நேரத்தில் வீட்டார் கலங்கி நிற்பார்கள். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஆகவே அறிய வேண்டியதை முன்கூட்டியே அறிந்து வைப்பது நல்லது.

ஒருவர் திடீரென இறந்து, காரணம் தெளிவாக இல்லையெனில், போலீசார் உடலை அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்புவர். இப்பகுதியில் அது பெரும்பாலும் தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையாக இருக்கும். அதற்குள் லயத்தில் மூன்று கதைகள் பிறந்துவிடும். “நெஞ்சுவலிதான்” என்பார் ஒருவர். “யாரோ அடித்திருக்கிறார்கள்” என்பார் மற்றொருவர். “அன்று மருந்து அடித்தாரே, அந்த விஷம்தான்” என்பார் மூன்றாமவர். இவற்றுக்கிடையே இறந்தவரின் மனைவியோ தாயோ கேட்பது ஒன்றேயொன்று: “ஐயா, உடம்பை அறுக்காமல் கொடுத்துவிடுங்கள்.”

அந்த வேண்டுகோளை நாம் இலேசாக எண்ணவில்லை. குளிப்பாட்டி, கோடி போர்த்தி, வாய்க்கரிசியிட்டு அனுப்ப வேண்டிய உடல் அது. இஸ்லாமியச் சகோதரர்களும் காலந்தாழ்த்தாமல் நல்லடக்கம் செய்யவே விரும்புவர். சட்டமும் இதனை அறியாததன்று. நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 331-ஆம் பிரிவின்படி, அரசாங்க மருத்துவர் உடலைப் பரிசோதிக்கக் கடமைப்பட்டவர். மரணத்தின் காரணத்தை அறிவதற்குத் தேவைப்பட்டால் அறுத்துப் பரிசோதிப்பதும் அவர் கடமையே. “தேவைப்பட்டால்” என்ற சொல்லைக் கவனியுங்கள். அத்தேவையைப் பல சமயங்களில் குறைக்கக்கூடிய கருவியைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறோம்.

அதன் பெயர் சி.டி. ஸ்கேன். உயிருள்ள நோயாளிகளுக்குப் பயன்படுவதும் இதுவே. காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் அமைத்த இக்கருவி 1971-இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியைப் படமெடுத்தது. 1979-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. சாதாரண எக்ஸ்ரே படத்தில் முன்னெலும்பும் பின்னெலும்பும் இதயமும் நுரையீரலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். ஸ்கேன் கருவியிலோ எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றிச் சுழல்கிறது. ஒரு ரொட்டியை மெல்லிய துண்டுகளாக அரிந்து ஒவ்வொரு துண்டின் முகத்தையும் பார்ப்பதுபோல, உடலின் ஒவ்வொரு குறுக்கு வெட்டையும் கணினி வரைந்து தருகிறது. காற்று கறுப்பாகவும், எலும்பு வெள்ளையாகவும், இரத்தமும் தசையும் அவற்றிடையே சாம்பல் நிறமாகவும் தெரியும். கத்தி எங்கும் படுவதில்லை. இறந்தவருக்குக் கதிரினால் தீங்கில்லையாதலால், வேண்டுமளவு கதிரைச் செலுத்தி நுட்பமாகப் படமெடுக்கவும் இயலும்.

நெஞ்சில் இது எதைக் காட்டும்? விலா எலும்பு முறிவைக் காட்டும். நுரையீரலுக்கு வெளியே கசிந்த காற்றைக் காட்டும்; நெஞ்சைத் திறந்த கணமே அக்காற்று வெளியேறிவிடும் என்பதால், இவ்வகையில் ஸ்கேன் கத்தியைவிட மேலானது. பெருநாடி கிழிந்து இதயத்தைச் சுற்றியுள்ள பைக்குள் இரத்தம் நிரம்பியிருந்தால் அதனையும் காட்டும். இதயக் குழாய்களில் பல்லாண்டுகளாகப் படிந்த சுண்ணாம்பும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும்.

விலா எலும்பு பற்றி இங்கே ஒரு வார்த்தை. மயங்கி விழுந்தவரின் நெஞ்சை அழுத்தி உயிர்மீட்க முயலும்போது விலா எலும்புகள் முறிவது சாதாரணமாக நிகழ்வதே. “விலா முறிந்திருக்கிறது” என்று காதில் விழுந்தவுடன் அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று கூட்டம் சேர்ப்பது தவறு. முறிவு எவ்விடத்தில், எத்தகையது என்பதைப் பார்த்து வேறுபடுத்த முயல்வது மருத்துவரின் வேலை. ஆகவே, விழுந்தவரின் நெஞ்சை யார் அழுத்தினார், எவ்வளவு நேரம் அழுத்தினார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இக்கருவி நம் நாட்டில் பயன்பட்ட ஒரு சம்பவத்தை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2017 பிப்ரவரி 13-ஆம் நாள், வட கொரியத் தலைவரின் மாற்றாந்தாய் மகனான மூத்த சகோதரர் கிம் ஜோங் நாம், கே.எல்.ஐ.ஏ. 2 விமான நிலையத்தில் தாக்கப்பட்டு, மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் இறந்தார். சவப் பரிசோதனையை வட கொரியத் தூதரகம் எதிர்த்தது. எனினும் கோலாலம்பூர் மருத்துவமனையில் அது நடைபெற்றது. முழு உடல் ஸ்கேன், புறப் பரிசோதனை, உட்பரிசோதனை, பற்பரிசோதனை ஆகியவை செய்யப்பட்டன என்றும், மாரடைப்புக்கான அடையாளமோ ஊசி குத்திய காயமோ காணப்படவில்லை என்றும் அந்நாளைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நூர் ஹிஷாம் அப்துல்லா பிப்ரவரி 21-இல் அறிவித்தார். வட கொரியத் தரப்போ மார்ச்சு மாதத்திலும் அது மாரடைப்பாகவே இருக்கும் என்று சொல்லிற்று. உண்மையில் அவரைக் கொன்றது வி.எக்ஸ். என்னும் நச்சு. முகத்திலும் கண்ணிலும் துடைத்தெடுத்த மாதிரிகளில் மலேசிய இரசாயன இலாகா அதனைக் கண்டறிந்தது. பிப்ரவரி 24-இல் போலீசார் அதை வெளியிட்டனர்.

இதில் நமக்கு வேண்டிய பாடம் அரசியலன்று. ஸ்கேன் நஞ்சைக் காணாது. களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ உட்சென்றிருந்தால், நுரையீரலில் ஏதோ மாற்றம் தெரியலாம். எந்த மருந்து என்பதை இரத்தமும் சிறுநீரும் ஆய்வுக்கூடத்துக்குச் சென்ற பின்னரே சொல்ல முடியும். ஆகவே “ஸ்கேன் எடுத்தாயிற்றே, இன்னும் ஏன் இரத்தம் எடுக்கிறார்கள்?” என்று சண்டையிட வேண்டியதில்லை.

இனி, பலரும் சொல்லத் தயங்கும் செய்திக்கு வருவோம். திடீர் மரணங்களில் அடிக்கடி நேர்வது மாரடைப்பு. அதனைக் காண்பதில்தான் வெறும் ஸ்கேன் மிகவும் தடுமாறுகிறது. இதயம் நின்றுவிட்டால் இரத்தம் தானாகவே உறைகிறது. இறக்குமுன் குழாயை அடைத்த கட்டி எது, இறந்தபின் உறைந்த கட்டி எது என்று சாம்பல் நிறப்படம் பிரித்துச் சொல்வதில்லை. இங்கிலாந்தில் மாஞ்செஸ்டரிலும் ஆக்ஸ்போர்டிலும் 182 உடல்களை முதலில் ஸ்கேன் செய்து, பின்னர் அறுத்துப் பார்த்து ஒப்பிட்டார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மரணத்தின் காரணத்தைக் கூறுவதில் சி.டி. ஸ்கேன் 32 விழுக்காட்டினரிடம் பெரிதும் மாறுபட்டது. தவறவிட்டவற்றுள் முக்கியமானவை இதயக் குழாய் நோயும் நுரையீரல் குழாயை அடைக்கும் இரத்தக் கட்டியும் ஆகும். பின்னர் லெஸ்டர் நகரில், கழுத்துக் குழாய் வழியாக இதயக் குழாய்களுக்குள் நிறமேற்றும் மருந்தைச் செலுத்திப் படமெடுத்தனர். 2017-இல் வெளியான அவ்வாய்வில் 210 பேரில் 193 பேரின் மரணக் காரணம் அவ்வழியாகவே தெரிந்தது. முன்னேற்றம் பெரிதுதான். ஆனால் அதற்குப் பயிற்சி பெற்றவர்களும் வசதியும் வேண்டும்.

நோயின் வரலாறு தெரிந்திருந்தால் வேலை எளிதாகிறது. 2022 ஆகஸ்டு 10-இல் டில்லியில் உடற்பயிற்சி செய்கையில் சாய்ந்த நகைச்சுவை நடிகர் ராஜு ஸ்ரீவாஸ்தவா, அனைத்திந்திய மருத்துவக் கழகத்தில் சிகிச்சை பெற்று செப்டம்பர் 21-இல் இறந்தார். அவருக்கு அங்கே ஸ்கேன் முறையிலேயே சவப் பரிசோதனை நடந்தது. 15 முதல் 20 நிமிடங்களே பிடித்ததாகச் செய்தி வந்தது. பல வாரங்கள் மருத்துவமனையிலேயே இருந்தவர் அவர். நோய் விவரம் மருத்துவர்களின் கையில் இருந்தது. தோட்டத்துச் சரிவில் தனியே கிடந்தவருக்கு அந்த வசதி இல்லை.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவர் வேலைக்குச் செல்லும் வழியில் மோட்டார் சைக்கிளோடு பள்ளத்தில் கிடக்கிறார். நெஞ்சுவலி வந்து விழுந்தாரா, விழுந்ததனால் இறந்தாரா? துடிக்கும் இதயமே இரத்தத்தை வெளியே தள்ளும். நெஞ்சறையில் பெருமளவு இரத்தம் தேங்கியிருப்பதை ஸ்கேன் காட்டினால், விழுந்தபோது அவர் உயிருடன் இருந்தார் என்று மருத்துவர் கருத இடமுண்டு. இக்கேள்வி வெறும் ஆராய்ச்சிக்கானதன்று. நாம் சொக்சோ என்று பழகிய பெர்கேசோவின் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையாலோ, வேலைக்குச் சென்றுவரும் வழியில் நேர்ந்த விபத்தாலோ மரணம் நேர்ந்தால் சார்ந்திருப்போருக்கு ஒருவகை உதவி உண்டு. நோயால் இறந்தால், செலுத்திய சந்தாவின் தகுதியைப் பொறுத்து வேறுவகை ஓய்வூதியம். அந்நியத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்ந்துள்ளனர். விதவையின் மனுவை எந்தப் பிரிவில் எடுத்துக்கொள்வது என்பதற்கு, மருத்துவர் எழுதும் அந்த ஒரு வரி முக்கியமான ஆதாரம். உடலை எரித்த பின்னர் அந்த வரியைத் திருத்த வழி தேடுவது மிகவும் கடினம்.

போலீசார் ‘போலீஸ் 61’ பாரத்தில் கேட்கும் பரிசோதனைக்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. ஆயினும் “அறுக்காமல் ஸ்கேன் மட்டும் செய்ய இயலுமா, டாக்டர்?” என்று மரியாதையாகக் கேட்க உங்களுக்குத் தடையில்லை. இறந்தோருக்கென இக்கருவி எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் போதாது என்று மருத்துவர் சொல்லக்கூடும். அப்போது ஏன் போதாது என்று விளக்கம் கேளுங்கள். அறுத்தாலும் தைத்து, துடைத்து, முகம் காட்டும்படியே உடலைத் திருப்பித் தருவார்கள்.

மருத்துவமனைக்குச் செல்பவர், இறந்தவரின் கிளினிக் அட்டையையும், உட்கொண்டுவந்த மாத்திரைகளின் உறைகளையும் எடுத்துச் செல்லட்டும். அன்று தெளித்த மருந்தின் பெயரைக் கங்காணியிடம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பரிசோதனை அறிக்கையை எங்கே, எப்படி விண்ணப்பித்துப் பெறுவது என்று அங்கேயே விசாரித்துக்கொள்ளட்டும். கிளினிக் அட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று வீட்டிலுள்ளவர்களுக்கு இன்றிரவே காட்டி வையுங்கள்.

இனி உங்கள் வினாக்களைக் கேட்கலாம்.