512 கேட்டால் ஏன் பிழை?

13 என்ற எண்ணை இரும எண்ணாக மாற்றச் சொன்னால், பிளஸ் ஒன் மாணவர் நோட்டை விரித்து இரண்டால் வகுக்க ஆரம்பிப்பார். ஈவு 6, மீதி 1. ஈவு 3, மீதி 0. ஈவு 1, மீதி 1. ஈவு 0, மீதி 1. மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் 1101. எக்செல் விரிதாளில் இதற்கென்றே டெக்-டூ-பின் (DEC2BIN) என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. சமக்குறி போட்டு, இந்தப் பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் 13 கொடுத்து என்டர் தட்டினால் அதே 1101 வந்து நிற்கும்.

பதின்மூன்றுக்குப் பின்னால் ஒரு கமா போட்டு 8 என்றும் சேர்த்தால், முன்னால் சுழியங்கள் நிரம்பி 00001101 என எட்டு இலக்கமாகும். நெட்வொர்க் படிப்பவர்களுக்கு இது பெரிய உதவி. 192.168.1.1 போன்ற ஐபி முகவரியில் ஒவ்வொரு பகுதியும் எட்டு பிட்தான். 192 என்பது 11000000. 168 என்பது 10101000.

இதே சூத்திரத்திடம் 511 கேட்டால் ஒன்பது ஒன்றுகளை வரிசையாகத் தரும். 512 கேட்டால் பிழை என்று சொல்லிவிடும். பலரும் தட்டச்சில் தவறோ என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த இடத்தில்தான். தவறு எதுவும் இல்லை. இந்தச் சூத்திரத்துக்கு மொத்தம் பத்து இலக்கங்களே உண்டு. பத்து இலக்கங்களில் 1024 வடிவங்கள் எழுதலாம். அவற்றில் சரிபாதி குறை எண்களுக்குப் போய்விடுகிறது. பாடப்புத்தகம் சொல்லும் 2-இன் நிரப்பு முறை இதுவே. மைனஸ் 1 கேட்டால் பத்து ஒன்றுகள் வரும். மைனஸ் 512 கேட்டால் ஒரு ஒன்றும் ஒன்பது சுழியங்களும் வரும். 512-இன் இரும வடிவமும் அச்சு அசலாக அதுதான்! ஒரே வடிவத்துக்கு இரண்டு பொருள் இருக்க முடியாது. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு!

பெரிய எண் வேண்டுமானால் 256-ஆல் வகுத்துப் பிரிக்கலாம். 1947-ஐ வகுத்தால் ஈவு 7, மீதி 155. ஏழு 111, எட்டு இலக்கத்தில் 155 என்பது 10011011. இரண்டையும் ஒட்டினால் 11110011011. எக்செல் 2013 முதல் பேஸ் (BASE) என்ற சூத்திரமும் வந்துவிட்டது. எண்ணையும், கமாவுக்குப் பின் 2-ஐயும் கொடுத்தால் போதும், வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. ஆனால் குறை எண்களை அது ஏற்காது.

கட்டத்தில் தெரியும் விடை எண் அல்ல, எழுத்துச் சரம் என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு கட்டங்களில் 3-ஐ மாற்றினால் 11, 11 என்று வரும். இவற்றைக் கூட்டல் குறியால் கூட்டினால் எக்செல் பதின்ம எண்களாக எடுத்துக்கொண்டு 22 என்று காட்டும். இரும முறையில் 2 என்ற இலக்கமே கிடையாது. அதனால் முதலில் மூன்றையும் மூன்றையும் கூட்ட வேண்டும், பிறகுதான் மாற்ற வேண்டும். அப்போது 110 என்ற சரியான விடை கிடைக்கும்.