பிரெஞ்சு சமையல்: முதல்ல எந்தப் புத்தகம் வாங்கலாம்?

பிரெஞ்சு சாப்பாட்டை வீட்டிலேயே செய்து பார்க்க ஆசை, எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம்? இன்றைய எபிசோடு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

ஒரு சமையல் புத்தகத்தைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது, இது யாருக்காக எழுதப்பட்டது என்பதைத்தான். மூணு புத்தகங்களை வெச்சு அதைச் சொல்றேன்.

முதலாவது, ஒகுஸ்ட் எஸ்கோஃபியே 1903-ல் வெளியிட்ட 'ல கீட் குலினேர்'. 5,000-க்கும் மேற்பட்ட குறிப்புகள். பிரெஞ்சு சமையலின் சட்டப் புத்தகம்னே சொல்லலாம். ஆனால் அது தொழில்முறை சமையல்காரர்களுக்கானது. எஸ்பான்யோல் சாஸ் கொஞ்சம் சேர்க்கச் சொல்லி சாதாரணமா ஒரு வரி வரும். அந்த சாஸுக்கு எலும்பை வறுத்து, மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு ஸ்டாக் எடுக்கணும். பிறகு வெண்ணெயில் மாவை வறுத்துச் சேர்த்து, மறுபடியும் மணிக்கணக்கில் அடுப்பில் விடணும். பெரிய ஓட்டல்ல சாஸுக்குன்னே தனி ஆள் உண்டு. நம்ம வீட்ல?

இரண்டாவது, 1932-ல் வந்த 'ஜ சே குயிசினே'. 'எனக்குச் சமைக்கத் தெரியும்' என்று அர்த்தம். எழுதிய ஜினெட் மத்தியோ ஒரு மனையியல் ஆசிரியை. தலைமுறை தலைமுறையாக பிரெஞ்சு வீடுகளில் புழங்குகிற புத்தகம் இது. 2009-ல் ஆங்கிலத்திலும் வந்தது. அன்றாடச் சாப்பாடுதான், குறிப்புகளும் சின்னச் சின்னது. ஏன் அவ்வளவு சின்னது? படிக்கிறவர் அந்த உணவைச் சாப்பிட்டு வளர்ந்தவர். குழம்பு என்ன நிறத்தில் இருக்கணும், எவ்வளவு கெட்டியா இருக்கணும்னு அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்குப் புத்தகம் ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான்.

மூன்றாவது, 1961-ல் அமெரிக்காவில் வந்த 'மாஸ்டரிங் தி ஆர்ட் ஆஃப் ஃபிரெஞ்ச் குக்கிங்'. சிமோன் பெக், லூயிசெட் பெர்தோல் என்ற இரண்டு பிரெஞ்சுப் பெண்களும், ஜூலியா சைல்ட் என்ற அமெரிக்கரும் சேர்ந்து எழுதியது. ஜூலியா 1948-ல் கணவரோடு பாரிஸுக்குப் போய், அங்கேதான் சமையலே முறையாகப் படிச்சார். அதனால், தெரியாதவருக்கு எந்த இடத்தில் சந்தேகம் வரும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

உதாரணத்துக்கு, பஃப் பூர்கின்யோன். ரெட் ஒயினில் வேகவைக்கும் மாட்டுக்கறி. கறித் துண்டுகளை ஈரமில்லாமல் துடைக்கச் சொல்லிவிட்டு, ஈரம் இருந்தால் சிவக்காது என்று காரணமும் சொல்கிறார்கள். ஆமா, மேலே இருக்கிற தண்ணீர் ஆவியாகி முடிகிற வரைக்கும் அந்த இடத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி வெளிறித்தான் போகும். காளானையும் சின்ன வெங்காயத்தையும் தனித்தனியாகச் செய்து கடைசியில் சேர்க்கணும். காளானை வாணலியில் நெருக்கிப் போட்டால் தண்ணீர் விட்டுக்கும், வறுபடாது. ஓவனில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் கடிகாரத்தை மட்டும் நம்ப வேண்டாம், ஃபோர்க் சுலபமா உள்ளே இறங்கணும், அதுதான் அடையாளம். ஒவ்வொரு படிக்கும் வேண்டிய பொருட்கள் அந்தப் படிக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். முதல் பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப ஓட வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை. முதலில் ஒப்பந்தம் போட்ட பதிப்பகம் இந்தப் புத்தகத்தை வேண்டாம்னு சொல்லிடுச்சு. ரொம்பப் பெரிசு, வீட்டில் சமைக்கிறவங்க மிரண்டுடுவாங்கன்னு பயம். நாஃப் பதிப்பகத்தில் இருந்த ஜூடித் ஜோன்ஸ் குறிப்புகளைத் தானே சமைத்துப் பார்த்துவிட்டு, வெளியிட்டே ஆகணும்னு நின்றார். மிரட்டும்னு நினைச்ச அந்த நீளம்தான் புத்தகத்தோட பலமே.

ஏன்னா, பக்கத்தில் அம்மாவோ பாட்டியோ நின்று சொல்லித் தரும்போது 'பொன்னிறமாக வதக்கவும்' என்ற இரண்டு வார்த்தை போதும். நாக்குக்குப் பழக்கமே இல்லாத ஒரு ஊர்ச் சாப்பாட்டை, தனியா ஒரு ஃபிளாட்டில் நின்று சமைக்கிறப்போ அது போதாது. பக்கத்தில் நிற்கிற ஆளோட வேலையையும் புத்தகமே செய்யணும்.

அதனால் என் பதில்: முதலில் ஜூலியா குழுவின் புத்தகம். கை பழகின பிறகு மத்தியோ. எஸ்கோஃபியே, ஆசைக்கு அலமாரியில் இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: ஜூலியா புத்தகத்தில் கலர் போட்டோ கிடையாது, கோட்டுப் படங்கள்தான். வெண்ணெயும் கிரீமும் தாராளம். மாட்டுக்கறி சாப்பிடாதவங்க கோக் ஓ வான் செய்யலாம். கோழியை ஒயினில் வேகவைப்பது. பெரும்பாலும் அதே நுணுக்கங்கள்தான். அதில் வரும் பேக்கன் பன்றி இறைச்சி என்பதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

கடையில் வேறு புத்தகம் எதையாவது எடுத்தாலும், ஒரே ஒரு குறிப்பை முழுசாப் படிங்க. என்ன போடணும் என்பதோடு, சரியா வந்திருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றும் சொல்லியிருந்தால், தைரியமா வாங்கலாம்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.