தாதியர் பட்டம்: விரைவு வழி எது?



சுபாங் ஜெயா என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உயர்ந்த கட்டடங்களும் கல்லூரிகளும் நிறைந்த நகரம் அது. 1976ஆம் ஆண்டு அங்கே வீடமைப்பு வேலை தொடங்குவதற்கு முன், அது சீஃபீல்டு ரப்பர் தோட்டம். நம்மவர்கள் இருட்டோடு எழுந்து மரம் சீவிய மண். தோட்டத்தின் பெயர் இன்றும் அங்குள்ள தமிழ்ப்பள்ளியோடும் மாரியம்மன் கோயிலோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்நகரில் 1985இல் சுபாங் ஜெயா மருத்துவ மையம் திறக்கப்பட்டது. தோட்டம் இருந்த ஊரில் எழுந்த மருத்துவமனையில் தன் மகள் தாதியாக வேலை செய்ய வேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்பட்டால், அதில் வியப்பென்ன?

ஆசையோடு ஒரு கேள்வியும் வருகிறது. "பட்டம் வாங்க இத்தனை வருஷமா? சீக்கிரம் முடிக்க வழி இல்லையா?" சம்பளம் இல்லாமல் கழியும் ஒவ்வோர் ஆண்டும் தோட்டத்துக் குடும்பத்துக்குப் பாரம்தான். ஆகவே இந்தக் கேள்வியை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை.

விரைவுப் பட்டப்படிப்பு என்பது உலகில் உண்மையிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971இலேயே அதைத் தொடங்கிவிட்டது. ஆனால் அதில் சேருகிறவர்கள் ஏற்கனவே வேறொரு துறையில் பட்டம் பெற்றவர்கள். அதனால்தான் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் அவர்களால் முடிக்க முடிகிறது. இந்தியாவில் வேறொரு முறை உண்டு. டிப்ளோமா முடித்துப் பதிவு பெற்ற தாதி, மேலும் 2 ஆண்டு படித்துப் பட்டம் பெறலாம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1946இலேயே தாதியர் பட்டப் படிப்பைத் தொடங்கியது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். நம் தமிழ் மண்ணுக்கு இது புதிய படிப்பன்று.

நம் நாட்டில் எப்படி? தாதியர் டிப்ளோமா 3 ஆண்டு. பட்டப்படிப்பு 4 ஆண்டு. எஸ்.பி.எம். முடித்த பெண் எஸ்.டி.பி.எம். எழுதிப் பட்டத்துக்குப் போனால், முன்னே ஒன்றரை ஆண்டு, பின்னே 4 ஆண்டு. ஆக ஐந்தரை ஆண்டு கழித்தே முதல் சம்பளம். டிப்ளோமாவுக்குப் போனால் 3 ஆண்டில் தேர்வு எழுதிப் பதிவு பெற்று வேலைக்குப் போகலாம். பிறகு படித்த பாடங்களுக்குக் கழிவு பெற்று, பட்டத்தைக் குறைந்த காலத்தில் முடிக்கலாம். மலேசியத் திறந்த பல்கலைக்கழகம் போன்றவை வேலை பார்க்கும் தாதியருக்கென்றே பகுதிநேரப் பட்டப்படிப்பை நடத்தியிருக்கின்றன. வீட்டில் வசதி குறைவு என்றால், நாம் சொல்லக்கூடிய விரைவு வழி இதுதான். பெயரளவில் நீளமாகத் தோன்றும். ஆனால் அடுப்பு அணையாது.

வேறு சிலர் வேறு கதை சொல்லிக்கொண்டு வருவார்கள். "ஆறு மாதத்தில் தாதியாகலாம்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். நோயாளியைப் பராமரிக்கும் உதவியாளருக்கு அப்படிக் குறுகிய பயிற்சிகள் உண்டு. அதுவும் கௌரவமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அது தாதியர் பதிவு ஆகாது. 1950ஆம் ஆண்டு தாதியர் சட்டத்தின்படி, மலேசியத் தாதியர் வாரியத்தின் பதிவேட்டில் பெயர் ஏறியவரே பதிவுபெற்ற தாதி. எனவே கல்லூரிக்காரர் பேசப் பேச, நாம் கேட்க வேண்டியது இது: இந்தப் படிப்பைத் தாதியர் வாரியம் அங்கீகரித்திருக்கிறதா? மலேசியத் தகுதிநிலை நிறுவனம் அங்கீகரித்திருக்கிறதா? மாணவர்கள் மருத்துவமனைப் பயிற்சிக்கு எங்கே போகிறார்கள்? 2010ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தனியார் தாதியர் கல்லூரிகள் பெருகின. படித்து வெளிவந்த பிள்ளைகள் பலர் வேலை கிடைக்காமல், கையில் கல்விக் கடனோடு நின்றார்கள். இப்போது தாதியருக்குத் தட்டுப்பாடு என்கிறார்கள். ஆனாலும் கேள்வி கேட்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டாம்.

விண்ணப்பிக்குமுன் எஸ்.பி.எம். முடிவைப் பாருங்கள். தேசிய மொழி, கணிதம், அறிவியல் ஆகியவற்றில் கிரெடிட் இருப்பது முக்கியம். ஆங்கிலத்தைக் கைவிட்டிருக்கக் கூடாது. எத்தனை கிரெடிட் என்ற விதி காலத்துக்குக் காலம் மாறுவதால், அந்த ஆண்டுக்குரிய விதியைத் தாதியர் வாரியத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். நம் பையன்களும் விண்ணப்பிக்கலாம்; ஆண் தாதியர் இன்று புதுமையில்லை.

பணத்துக்கு வருவோம். பி.டி.பி.டி.என். கடன் உண்டு. 1984இல் அமைந்த எம்.ஐ.இ.டி. கல்விக் கழகம் இந்திய மாணவர்களுக்குக் கடன் கொடுத்து வந்திருக்கிறது. சில தனியார் மருத்துவமனைகள் தாமே செலவை ஏற்று, படித்த பிறகு இத்தனை ஆண்டு தங்களிடம் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் போடுகின்றன. ஒப்பந்தம் தீமையானதல்ல. ஆனால் அதில் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர் பெரும்பாலும் அப்பாவோ மாமாவோ. பிள்ளை நடுவில் நின்றுவிட்டால் தொகையைக் கட்டப்போவது யார்? எத்தனை ஆயிரம் வெள்ளி? தேர்வில் தவறினால் என்ன? திருமணமாகி வேறு ஊர் போனால் என்ன? ஒப்பந்தம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். படித்துச் சொல்லத் தெரிந்த ஆசிரியரிடமோ தொழிற்சங்கத்தாரிடமோ காட்டிய பிறகே பேனாவைத் தொடுங்கள்.

சேர்ந்தாகிவிட்டது. இனி தாக்குப்பிடிக்க வேண்டும். உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிர், மருந்தியல் என்று முதலாண்டிலேயே பாடங்கள் குவியும். பாடம் ஆங்கிலத்தில், நோயாளி பேசுவதோ மலாயிலும் தமிழிலும் சீனத்திலும். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை முதல் சில மாதங்கள் திணறுவது இயற்கை. அன்றன்று வரும் புதிய சொற்களை ஒரு சிறு நோட்டில் எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதிக்கொண்டால், நாளடைவில் அந்த நோட்டே துணையாகும்.

பலரை வீழ்த்துவது கணக்கு. ஓர் உதாரணம் சொல்கிறோம், வீட்டில் பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நோயாளிக்கு 1,000 மில்லிலிட்டர் நீர்மருந்து 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். குழாயில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஒரு மணிக்கு 125 மில்லிலிட்டர். அதாவது 2,500 சொட்டு. அதை 60ஆல் வகுத்தால் 42 சொட்டு அளவில் வரும். ஆறாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் இரவு 3 மணிக்கு, தூக்கக் கண்ணோடு, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் முனகும்போது அதைத் தவறின்றிப் போட வேண்டும். மருந்தின் அளவு தவறினால் பாதிக்கப்படுவது ஓர் உயிர். ஆகவேதான் ஆசிரியர்கள் கணக்கில் கடுமை காட்டுகிறார்கள்.

இரவு வேலை முடிந்து காலையில் வீடு திரும்பும் பிள்ளையைப் பற்றித் தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. அவள் பகலில் தூங்குவது சோம்பல் அல்ல. அந்த நேரத்தில் வானொலியைச் சற்றுத் தாழ்த்துங்கள், எங்கள் பேச்சாகவே இருந்தாலும் சரி. தண்ணீர் பிடிக்கவும் தம்பியைப் பார்க்கவும் எழுப்பாதீர்கள். வேலை பார்த்துக்கொண்டே பட்டத்துக்குப் படிப்பவளுக்கு இது இன்னும் அவசியம். வார்டு வேலைக்கும் பாடக் கட்டுரைக்கும் நடுவே அவளுக்குக் கிடைப்பது அந்த ஐந்தாறு மணி நேரம்தான்.

எஸ்.பி.எம். முடிவு வந்தவுடன், சான்றிதழ், பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு ஆகியவற்றின் நகல்களை ஓர் உறையில் போட்டுத் தயாராக வைத்துவிடுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யு. வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குரிய கடைசித் தேதியைப் பள்ளியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.