வீட்டுக்குள் ஓர் அந்நியப் பிள்ளை



தம் பிள்ளை எவ்வாறு வளரவேண்டும் என்பது பற்றிப் பெற்றோர்க்கு ஓர் எண்ணம் இருப்பது இயல்பு. அவ்வெண்ணம் ஒரு நாட்டிலே உருவாக, பிள்ளையோ வேறொரு நாட்டிலே வளருமாயின் என்ன நிகழும்? இக்கேள்வியை முன்வைத்துப் பேசுவதற்கு நான் தேர்ந்துகொண்டவர்கள், டொமினிக்கன் குடியரசிலிருந்து ஐக்கிய அமெரிக்காவிற் சென்று குடியேறிய மக்கள். கரிபியன் கடலிலே ஹெயிற்றியுடன் ஒரே தீவைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும், ஸ்பானிய மொழி வழங்கும் நாடு அது.

1930 தொடக்கம் 1961 மே 30 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்படும் வரை அந்நாட்டைத் தன் கைப்பிடிக்குள் வைத்திருந்தவர் ட்ருஹியோ என்னும் சர்வாதிகாரி. இவ்வீட்டின் தலைவர் ட்ருஹியோவே என்று பொறித்த பலகைகள் குடிமக்களின் வீட்டுச் சுவர்களில் தொங்கின. அவரை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவர் 1960 நவம்பர் 25 ஆம் நாள் கொலையுண்டனர். அக்காலத்திலே கடவுச்சீட்டுப் பெறுவதும் அரிது. அவர் மறைந்த பின்னரே கதவு திறந்தது. 1965 இல் மூண்ட உள்நாட்டுப் போரும், அதிலே அமெரிக்கப் படை வந்திறங்கியமையும், உறவினரை அழைத்துக்கொள்ள வழிசெய்து அதே ஆண்டில் அமெரிக்கா இயற்றிய குடிவரவுச் சட்டமும் ஒன்றுசேர, மக்கள் நியூயோர்க் நகரை நோக்கிப் பெருகினர். மன்ஹற்றனின் வடபாலுள்ள வாஷிங்டன் ஹைட்ஸ் அவர்களின் இரண்டாவது ஊராயிற்று. ஆடைத் தொழிற்சாலைகளிலும், ‘பொடேகா’ எனப்படும் சிறு மளிகைக் கடைகளிலும் அவர்கள் உழைத்தனர். இன்று அமெரிக்காவில் அவ்வழியினர் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

இவ்வீடுகளிலே, பெரியோரைக் காணும்போது ‘பெண்டிசியோன்’ என்று ஆசி வேண்டுவது பிள்ளைகளின் வழக்கம். கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக என்பது மறுமொழி. அதே பிள்ளைதான் வைத்தியசாலையிலும் அலுவலகத்திலும் தாய்க்காக ஆங்கிலம் பேசவேண்டியிருக்கும். காலையில் ஆசி கேட்ட வாய், மாலையில் பெற்றோரின் வாயாகிவிடுகின்றது. வீட்டின் அதிகாரம் இவ்வாறு தலைகீழாவதைத் தந்தை எவரும் எளிதிலே பொறுத்துக்கொள்வதில்லை. ‘உனக்காகவன்றோ எல்லாவற்றையும் விட்டு வந்தோம்’ என்ற சொல் அங்கே பிறக்கின்றது. அது பிள்ளை கேட்டு வாங்காத கடன். எத்துணைப் பரீட்சைகளிற் சித்தியடைந்தாலும் தீராதது.

ஹூலியா அல்வாரெஸ் என்னும் எழுத்தாளரின் தந்தை ட்ருஹியோவுக்கு எதிரான சதியிலே பங்குகொண்டவர். 1960 இல், அவருக்குப் பத்து வயதாக இருக்கையில், குடும்பம் நியூயோர்க்கிற்குத் தப்பியோடியது. கார்சியா குடும்பத்தின் நான்கு சகோதரிகளைப் பற்றி 1991 இல் அவர் வெளியிட்ட புதினத்திலே ஒரு நிகழ்ச்சி வருகின்றது. யொலாண்டா என்ற மகளைப் பாடசாலையில் ஆசிரியர் தின உரை நிகழ்த்துமாறு பணிக்கின்றனர். அவள் வோல்ற் விற்மனின் கவிதைகளைப் படித்து எழுச்சியுற்று, மாணவன் ஆசிரியரை விஞ்சி நிற்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்னும் கருத்துப்பட ஓர் உரையை எழுதுகிறாள். தாய் மகிழ்கிறாள். தந்தையோ அதனைச் சுக்குநூறாகக் கிழித்தெறிகிறார். மகள் அவரை ட்ருஹியோவின் பட்டப்பெயராலேயே ஏசிவிடுகிறாள். தன் வீட்டிலே தானே கொடுங்கோலனாகிவிட்டதைக் கேட்கும் மனிதரின் நிலையை எண்ணிப் பாருங்கள்! ஒரு சொல்லுக்காக மனிதர் காணாமற்போன நாட்டிலிருந்து வந்தவர் அவர். அவர் கிழித்தது தாளை அன்று, தம்முடைய அச்சத்தை. மகளுக்கு அது தெரியாது. அவள் கண்டது தாளைத்தான்.

பின்னர் தாயும் மகளும் சேர்ந்து, எவரையும் நோகச்செய்யாத புகழுரை ஒன்றை அவசரமாக எழுதுகின்றனர். மேடையிலே அது பெருவெற்றி. ஆசிரியர் தின உரைகள் பலவற்றை முன்வரிசையிலிருந்து கேட்டுப் பழகிய ஓர் அதிபர் என்ற முறையிற் சொல்லுகின்றேன்: அந்த இரண்டாவது உரை எனக்கு நன்கு பழக்கமானது, முதலாவதை ஒருமுறையேனும் கேட்க ஆசை. பின்னர் தந்தை மின் தட்டச்சுப் பொறியொன்றை மகளுக்கு வாங்கி வருகிறார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

ஆண்பிள்ளைகளின் பாடும் எளிதன்று. ‘டிகெரே’ என்று அங்கே ஒரு சொல். புலி என்ற பொருளிலிருந்து வந்தது. தந்திரமும் துணிவும் பெண்களைக் கவரும் பேச்சுவன்மையும் உடையவனே அவர்கள் போற்றும் ஆடவன். ஆறு வயதில், 1974 இல், நியூ ஜேர்சிக்கு வந்த ஜூனோ டியாஸ் எழுதி 2008 இல் புலிட்சர் பரிசு பெற்ற புதினத்தின் நாயகன் ஒஸ்கார், இதற்கு நேர்மாறானவன். பருத்த உடல், விஞ்ஞானக் கற்பனைக் கதைகளிலே ஓயாத மோகம், பெண்கள் முன் நாணம். பல்கலைக்கழகத்திலே வெள்ளை மாணவர் அவனைத் தம்மவனாகக் கொள்ளவில்லை; அவனுடைய இனத்தவரோ நீ டொமினிக்கனே அல்லன் என்றனர். வெளியார் தள்ளுவதை ஒருவாறு தாங்கலாம். உன்னைப் போன்றவன் எங்களுள் இல்லை என்று சொந்த மக்கள் சொல்லும்போது அவன் எங்கே போவான்?

எலிசபெத் அசெவெடோ 2018 இற் செய்யுள் வடிவிலே எழுதிய புதினத்தில் வரும் தாய், கன்னியாஸ்திரியாக விரும்பியவள். அமெரிக்காவுக்கு வரும் வழியாகவே மணம் செய்துவைக்கப்பட்டவள். தான் இழந்த பக்தி வாழ்வை மகளிடம் எதிர்பார்க்கிறாள். மகள் சியோமாரா இரகசியமாகக் கவிதை எழுதிவந்த கொப்பியைக் கண்டு, அதனைத் தீக்கிரையாக்குகிறாள். கிழிந்த தாளுக்கும் எரிந்த கொப்பிக்கும் இடையே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். பெற்றோர் அஞ்சுவது ஒன்றையே: பிள்ளை தன் சொந்தக் குரலிற் பேசத் தொடங்குவதை.

அல்வாரெஸின் சொந்த வீட்டிலும் இது நடந்தது. முதற் புதினம் வெளிவந்தபோது, குடும்பத்தின் கதையை ஊரறியச் செய்துவிட்டாள் என்று தாயார் சினந்து மகளுடன் பேசாதிருந்தார். 1994 இல் மிராபல் சகோதரிகளைப் பற்றிய புதினம் வந்தது. அக்கொடுங்கோலின் கீழ் வாழ்ந்து, வாய் திறவாதிருக்கப் பழகியவர் தாயார். என்ன சொல்வாரோ என்று மகள் அஞ்சியிருந்தார். தாயார் அதைப் படித்து முடித்துவிட்டு, இதை எழுதியதற்காகப் பெருமைப்படுகிறேன் என்று மகளிடம் கூறினார்.