மருந்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியது

மருந்துக்கடையில் காட்டப்படும் பரிவை ஒரு மனிதரின் நல்ல குணமாகப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். "அந்தக் கடைக்காரர் தங்கமானவர், பொறுமையாகச் சொல்வார்" என்கிறோம். இந்தப் பாராட்டில் எனக்கு மனக்குறை உண்டு. பரிவு சிகிச்சையின் ஒரு பகுதி. அது இல்லாத இடத்தில் சரியான மருந்தும் தவறாகப் போய்ச் சேர்கிறது. அப்படியானால் அதைத் தனிமனிதரின் குணத்துக்கு விட்டுவிடாமல் பயிற்சியாலும் ஊதியத்தாலும் மேற்பார்வையாலும் உறுதிசெய்ய வேண்டும். இன்று நான் வாதிட வந்திருப்பது இதைத்தான்.

முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் ஒரே நாள் போட வேண்டிய மருந்து அது. மாத்திரை என்றாலே தினமும் போடுவது என்ற பழக்கத்தில் ஒருவர் அதை நாள்தோறும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாவது குறையும், உயிரே போகலாம். பல நாடுகளில் போயிருக்கிறது. அதோடு தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் பல நேரங்களில் அதேபோலச் சிறியதாக, மஞ்சளாக இருக்கும். சீட்டில் மருத்துவர் சரியாகவே எழுதியிருப்பார். கடையிலும் சரியான அட்டையைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். "எந்தக் கிழமை போடப்போறீங்கம்மா?" என்று கேட்டு, "செவ்வாய்க்கிழமை" என்ற பதில் அவர் வாயிலிருந்தே வந்தபின் உறையின்மேல் அதைப் பெரிதாக எழுதித் தரும் மருந்தாளுநர்தான் அங்கே உயிரைக் காக்கிறார். இன்சுலினும் இப்படித்தான். நம் நாட்டில் குப்பியில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பேனாவில் போடும் மருந்து 100 யூனிட். சிவப்பு மூடி ஊசி முன்னதற்கு, ஆரஞ்சு மூடி ஊசி 100 யூனிட் மருந்துக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட். சர்க்கரை சரிந்து, தூக்கத்திலேயே நினைவு தப்பிப்போக அது போதும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எழுத்து தெரியாததைப் பின்னால் நிற்கும் கூட்டத்தின் முன் ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்? கூச்சப்படாமல் "தெரியலைங்க" என்று சொல்லவைக்கும் முகமும் குரலும் எதிரே இல்லாவிட்டால் அந்தப் பிழை வெளியே வரவே வராது.

இது மென்மையான மனம் படைத்தவர்களின் ஆசை மட்டும்தானா என்று கேட்பவர்களுக்குச் சான்று இருக்கிறது. நாட்பட்ட நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி உட்கொள்வோர் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் கூறியது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் கறுப்பின ஆண்களின் ரத்த அழுத்தத்தைக் குறைக்க ரொனால்ட் விக்டரின் குழு நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. 52 முடிதிருத்தும் நிலையங்கள், 319 பேர். ஒரு பிரிவினரை முடிதிருத்துபவர்கள் மருத்துவரிடம் போகும்படி ஊக்குவித்தார்கள். மற்றப் பிரிவினரை மருந்தாளுநர்கள் அந்தக் கடைகளுக்கே வந்து பார்த்து, மருத்துவர்களின் ஒப்புதலோடு மருந்தை மாற்றியமைத்தார்கள். ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் முதல் பிரிவில் 9 புள்ளியும், மருந்தாளுநர் வந்த பிரிவில் 27 புள்ளியும் இறங்கியிருந்தது. மருந்தை மாற்றும் அதிகாரம் இருந்ததால்தானே இது முடிந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இங்கிலாந்தில் 2011இல் தொடங்கிய திட்டமொன்றில் மருந்தாளுநருக்கு அந்த அதிகாரம் இல்லை. புதிதாக மருந்து தொடங்கியவரிடம் சில நாள் கழித்துப் பேசுவார்: ஒத்துக்கொள்கிறதா, தவறவிட்டீர்களா, ஏன்? அவ்வளவுதான். பத்தாவது வாரத்தில் மருந்தை ஒழுங்காக உட்கொண்டவர்கள், இந்த உரையாடல் கிடைத்தவர்களில் ஏறத்தாழ 71 விழுக்காடு, கிடைக்காதவர்களில் 61. பேச்சுக்கே இவ்வளவு பலன் இருக்கிறது.

நம் ஊரில் இது நடக்குமா என்பது அடுத்த கேள்வி. சட்டம் குறுக்கே நிற்கவில்லை. பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் மருந்து வழங்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் அவருடைய கடமையாகவே வைத்திருக்கின்றன. தடை வேறெங்கோ இருக்கிறது. விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துக்குச் சில்லறை வணிகருக்குக் கணக்கிடப்படும் பங்கு 16 விழுக்காடு. 20 ரூபாய் அட்டை விற்றால் கைக்கு நிற்பது மூன்று ரூபாய்க்கும் கீழே. பேசிய நேரத்துக்கு ஒரு காசும் கிடையாது. "இந்த டானிக் உங்களுக்குத் தேவையில்லை" என்று உண்மை சொல்பவர் தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். மருந்தாளுநரின் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு ஆளை வேறெங்கோ அனுப்பும் கடைகள் பெருகுவதற்கும் இந்தக் கணக்குதான் காரணம். இங்கிலாந்தில் அந்த உரையாடலுக்கு அரசு பணம் தருகிறது. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அங்கே மருந்து மலிவு விலையில் கிடைப்பது பெரிய உதவி, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முதன்முறை இன்சுலின் வாங்குபவரிடமும் வாராந்தர மாத்திரை வாங்குபவரிடமும் பேசுவதற்கு ஒரு சிறு கட்டணத்தை அரசே தர, இந்தக் கடைகளைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பரிவு என்று தொடங்கினால் சீட்டில்லாமல் மருந்து கொடுப்பதில்தான் போய் முடியும் என்பார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஓ.பி. வரிசையில் நிற்க முடியாதவர் "ரெண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்க" என்று கேட்கும்போது, கொடுப்பது இரக்கமாகவே தோன்றும். ஆனால் மூன்று வாரமாக இருமுபவருக்கு லெவோஃப்ளாக்சசின் கொடுத்தால் காசநோய் சிறிது அடங்கியதுபோல் காட்டி, கண்டறிவதைத் தள்ளிப்போடும். அதற்குள் வீட்டிலுள்ள குழந்தைக்கும் தொற்றிவிடலாம். அதனால் மறுக்கத்தான் வேண்டும். ஆனால் "சீட்டு இல்லாமல் தரமாட்டோம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர் அடுத்த கடைக்குப் போவார், அங்கே கிடைத்துவிடும். இருமல் எத்தனை நாள், எடை குறைகிறதா, இரவில் வியர்க்கிறதா என்று கேட்டு, சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம் என்பதையும் போக வேண்டிய இடத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும். கொடுக்காமல் இருப்பதற்குத்தான் அதிக நேரமும் அதிகப் பொறுமையும் தேவைப்படுகிறது. அதற்குத்தான் ஊதியமும் வேண்டும் என்கிறேன்.

பயிற்சியிலும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. மாற்றியமைக்கப்பட்ட பட்டயப் படிப்பில் சமூக மருந்தகம் தனிப் பாடமாகிவிட்டது, நல்லது. ஆனால் மனநோய் மாத்திரைக்கும் கருத்தடை மாத்திரைக்கும் குரலைத் தாழ்த்திக் கேட்பவரிடம், பக்கத்தில் நிற்பவர் காதில் விழாமல் தமிழில் எப்படிப் பேசுவது என்பதைப் பயிற்சியாகவே செய்துபார்க்க வேண்டும். மருந்து ஆய்வாளர் கடைக்கு வரும்போது உரிமத்தையும் பில்லையும் பதிவேட்டையும் குளிர்பெட்டியின் வெப்பநிலையையும் பார்க்கிறார். இனி, மருந்து வாங்கிக்கொண்டு படியிறங்கும் ஒருவரை நிறுத்தி, "இதை எப்போது, எப்படிப் போடப் போகிறீர்கள்?" என்றும் அவர் கேட்கட்டும், அந்தப் பதிலையும் ஆய்வு அறிக்கையில் எழுதட்டும்.