சினமும் தாய்மொழியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இத்தகைய மேடைகளில் மொழியின் தொன்மையையும் இலக்கியத்தின் வளத்தையும் எடுத்துரைப்பது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பெருமைக்குரியதன்று. அது நம் வீடுகளில் மாலை ஆறு மணிக்குமேல் நிகழ்வது. சுவரைக் கடந்து அண்டை வீட்டார் காதிலும் விழுவது. சினத்தைப் பற்றியே பேசப் போகின்றோம்.

இதற்குக் காரணம் ஒரு சிறு நிகழ்ச்சி. சில மாதங்களுக்கு முன், ஒரு விடுமுறை நாளில், எம் பிள்ளைகள் இருவரும் அண்டை வீட்டுக் குழந்தைகளுடன் மாடிப்படியின் கீழ் 'அப்பா அம்மா விளையாட்டு' ஆடிக்கொண்டிருந்தனர். அம்மாவாக இருந்தவள் இந்தியில் பேசினாள். கடைக்காரனும் இந்தியில் பேசினான். அப்பாவாக நின்ற எம் மகனும் இந்தியிலேயே பேசினான். அப்போது பொம்மைக் குழந்தை தண்ணீரைக் கொட்டிவிட்டதாம். உடனே அவன் பேச்சு தமிழுக்கு மாறிற்று. சொற்கள் எம்முடையவை, குரல் எம்முடையது, கையை ஓங்கிய முறையும் எம்முடையதே. வைது முடித்தபின் மீண்டும் இந்திக்குத் திரும்பிவிட்டான்.

கதவருகே நின்று கேட்ட எமக்கு நாணத்தால் தலை குனிந்தது. கதை சொல்லவும் தாலாட்டவும் கொடுத்திருக்க வேண்டிய மொழியை, வைவதற்குரிய மொழியாக அவனுக்குக் கொடுத்திருந்தோம். பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வீட்டில் வசைக்கு ஒரு மொழி என்று வளரும் பிள்ளை, நாளை எந்த மொழியை விரும்பும்? இது எம் வீட்டுக் கதை மட்டுமன்று என்றே அஞ்சுகின்றோம்.

இந்நிலை எவ்வாறு வந்தது என்று எண்ணிப் பார்த்தோம். பகலில் நாம் பொறுமையே உருவானவர்கள். மேலதிகாரி காரணமின்றிக் கடிந்தாலும் வாய் திறப்பதில்லை. பேருந்தில் இடிபட்டாலும், கடையில் எடை குறைந்தாலும், 'போகட்டும்' என்று வந்துவிடுகின்றோம். சண்டையிடும் அளவிற்கு இந்தி வாராமையும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்? இவ்வாறு நாள் முழுவதும் விழுங்கிய சினம் வீட்டு வாயிலைத் தாண்டியதும் வெளிப்படுகின்றது. அங்கே மொழித்தடை இல்லை. எதிர்த்துக் கேட்பாரும் இல்லை.

திருவள்ளுவர் 'வெகுளாமை' என்னும் முப்பத்தொன்றாம் அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்தார். ஆயினும் இல்லறத்தார்க்கே அது மிகுதியும் தேவை. தம் சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதனைத் தடுத்து நிறுத்துவோரே உண்மையில் சினங்காப்போர். பலியாத இடத்தில் அடக்குவதற்குச் சிறப்பு ஏதுமில்லை என்பது அவ்வதிகாரத்தின் முதற்குறள் காட்டும் கருத்து. இதனை அளவுகோலாகக் கொண்டால், அலுவலகத்தில் நாம் காட்டும் அடக்கம் அடக்கமே ஆகாது. நம் சினம் பலிக்கும் இடம் வீடு. அங்கே எட்டு வயதுக் குழந்தையின்முன் நாம் எவ்வாறு நிற்கின்றோம் என்பதே தேர்வு.

சினம் பலிக்கும் இடத்தில் இருந்தவனின் வீழ்ச்சியைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. பாண்டியன் கொடியவன் அல்லன். அன்று அரசி ஊடல்கொண்டு, தலைநோவு என்று காரணம் கூறி எழுந்து சென்றுவிட்டாள். அவள் ஊடலைத் தீர்க்க விரைந்த வழியில் பொற்கொல்லன் எதிர்ப்பட்டான். அரசன் மனம் வேறிடத்தில் இருந்தது, நின்று ஆராயப் பொழுதில்லை, ஆணை பிறந்துவிட்டது. சிலம்பினுள் முத்தா மாணிக்கமா என்ற ஒரு வினாவை அப்போதே கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். அவ்வினா கண்ணகி வந்த பின்னரே எழுந்தது. ஓரிடத்துக் கலக்கத்தை வேறோரிடத்துக்குச் சுமந்து செல்வதன் விளைவு இது. மன்னன் வீட்டுக் கலக்கத்தை ஆட்சிக்குக் கொண்டு சென்றான். நாம் அலுவலகக் கலக்கத்தை வீட்டிற்குக் கொண்டு வருகின்றோம்.

சினங்கொண்டபோது உடலில் என்ன நிகழ்கின்றது? அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கானன், வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றால் உடலில் நேரும் மாறுதல்களை 1915-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். அட்ரினலின் என்னும் சுரப்பு குருதியில் கலக்கின்றது. இதயம் விரைந்து துடிக்கின்றது. தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாய்கின்றது. போரிடவோ ஓடவோ உடல் ஆயத்தமாகின்றது. காட்டில் விலங்கை எதிர்ப்பட்டவனுக்கு இது உயிர்காக்கும் துணை. நம் எதிரில் நிற்பதோ தண்ணீரைக் கொட்டிய குழந்தை! உடல் அமைதியுறச் சில நிமிடங்களேனும் வேண்டும். அந்நிமிடங்களில் பேசப்படும் சொல்லே பெரும்பாலும் பின்னர் வருந்தச் செய்யும் சொல்.

'கொட்டித் தீர்த்துவிட்டால் சினம் தணியும்' என்பர் சிலர். உளவியல் அறிஞர் பிராட் புஷ்மன் 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனை மறுக்கின்றது. தம்மைச் சினமூட்டியவரை நினைந்துகொண்டே குத்துப் பையைக் குத்திய மாணவர்களின் சினம் தணியவில்லை. ஒன்றும் செய்யாது சற்றே அமர்ந்திருந்தோரைக் காட்டிலும் அவர்களே மிகுதியாகச் சினந்திருந்தனர். விறகிட்டு நெருப்பை அணைக்க இயலுமோ?

அவ்வாறாயின் நாள்தோறும் நாம் செய்யத்தக்கது யாது? எம் வீட்டில் கைக்கொண்டு பயன்கண்ட மூன்றினைக் கூறுகின்றோம்.

முதலாவது, வெளியிலிருந்து வந்ததும் கைகால் கழுவும் பழைய வழக்கம். நம் பாட்டிமார் அதனைத் தூய்மைக்காக வற்புறுத்தினர். எமக்கு அது வெளிக்கும் வீட்டிற்கும் இடையே ஓர் எல்லையாகவும் பயன்படுகின்றது. கைகால் கழுவி, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, மூச்சை மெல்ல நீளவிட்டு, அதன்பின்னரே வாய் திறப்பது என்று முடிவு செய்தோம். ஐந்து நிமிடங்கள் போதும்.

இரண்டாவது, சினத்திற்குப் பெயரிடுதல். "இன்று அலுவலகத்தில் மனம் நொந்து வந்திருக்கிறேன், சற்றுப் பொறு கண்ணே" என்று சொல்லிவிடுவது. இவ்வாறு சொன்னால் குழந்தை தன்மேல் பிழை என்று எண்ணி நடுங்குவதில்லை. உள்ளத்து உணர்ச்சியைத் தமிழில் எடுத்துரைக்கவும் அதுவே அதற்குப் பாடமாகின்றது.

மூன்றாவது, எழுதியதை உடனே அனுப்பாமை. கெட்டிஸ்பர்க் போருக்குப் பின், பின்வாங்கிய பகைவரை விட்டுவிட்டார் என்று தளபதி மீட்மீது சினந்து, ஆபிரகாம் லிங்கன் 1863 ஜூலையில் கடுமையான மடல் ஒன்று எழுதினார். ஆனால் அதனை அனுப்பவே இல்லை. அவருடைய தாள்களிடையே அது கிடந்தது. நம் கைப்பேசியோ விரல் பட்டதும் அனுப்பிவிடுகின்றது. வண்டி நிறுத்தும் இடம் பற்றி நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுந்த பூசலால், பொங்கல் தட்டுப் பரிமாறிய இரு குடும்பங்கள் இன்று முகங்கொடுத்துப் பேசுவதில்லை. இரவில் எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்து அனுப்பியிருந்தால் அது நேர்ந்திராது.

இதனைக் கொண்டு, அநீதியைக் கண்டும் வாளாவிருக்கச் சொல்கின்றோம் என்று கொள்ளலாகாது. ஔவையார் சினம் ஆறவேண்டும் என்றார். பாரதியார் தம் புதிய ஆத்திசூடியில் அறச்சீற்றத்தைப் பயிலச் சொன்னார். இரண்டும் முரண்பட்டவை அல்ல. பயிலப்படுவது நம் கட்டுக்குள் நிற்பது. பீறிட்டு வருவது பயிற்சியன்று. அலுவலகத்தில் நேர்ந்த குறையை மறுநாள் அமைதியாக, உரியவரிடம், அளந்த சொல்லால் கூறுதல் வேண்டும். அங்கே கூற வேண்டியதைக் கூறாது விழுங்குவதே இங்கே குழந்தைமீது வந்து விழுகின்றது.

நாம் முற்றும் வென்றுவிட்டோம் என்று சொல்வதற்கில்லை. சென்ற வாரமும் ஒருநாள் தவறினோம். ஆனால் அன்றிரவே மகனருகில் அமர்ந்து, "அப்பா செய்தது தவறு" என்று தமிழில் சொன்னோம். அவன் சற்று வியந்து நோக்கினான். பின்னர், "பரவாயில்லை அப்பா" என்று தமிழிலேயே மறுமொழி கூறினான்.

அன்பர்களே, பிறந்த மண்ணைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு, பிள்ளைகளுக்கு வைத்துச் செல்லும் செல்வம் மொழியே. அதனைச் சினத்தின் கறை படியாமல் கொடுப்போம். இன்று விழா முடிந்து வீடு திரும்பியதும், உறங்கப்போகும் குழந்தையிடம் இன்சொல் ஒன்றைத் தமிழில் சொல்லுங்கள் என்று வேண்டி அமைகின்றோம்.